128-ஆ, 320-ஆ? எங்கள் வீட்டுச் சண்டையும் அப்பாவின் காதும்

நாலு சார்ட் தாள் வந்துவிட்டது. கால் வலித்தால் மத்தியானம் வந்து மீதியைப் படிக்கவும்.

இந்த முறை அறிவியல் கட்டுரை என் பங்கு. "புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதாதே, உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டைதான். அதையே எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவிடம் ஒரு மஞ்சள் பை உண்டு. அதில் முழுக்க எம்.பி.3 சிடிக்கள். கல்யாணத்துக்கு முன்னாடி ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளாட்பாரத்தில் வாங்கியவை. "இளையராஜா 150 பாடல்கள்", "எஸ்.பி.பி. சோகம்" என்று மார்க்கரில் எழுதியிருக்கும். சிடி பிளேயர் கெட்டுப்போய் ரொம்ப நாள் ஆச்சு. பொங்கலுக்கு வந்த தாய்மாமாவிடம் அப்பா, "மாப்ள, இதையெல்லாம் பென் டிரைவில் ஏத்திக் குடு" என்று கேட்டார்கள். மாமா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கழுத்தில் எப்போதும் பெரிய ஹெட்போன் தொங்கும்.

மாமா ஒரு சிடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, எல்லாமே 128. குப்பை. தூக்கிப் போடுங்க. நான் 320-ல, ஃபிளாக்ல புதுசா இறக்கித் தரேன்" என்றார்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாட்டு பாட்டாத்தானே இருக்கு? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது."

"அது உங்க காது, மாமா" என்று சொல்லி மாமா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். நான் மாமா கட்சி. அப்புறம் இரண்டு மாசம் கழித்து அந்தச் சிரிப்பை நினைத்து எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்த 128, 320 எல்லாம் என்ன?

பாட்டு என்பது காற்று அதிர்வது. ஏழு, எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்கிறோம். மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயசு ஆக ஆக மேல் பக்கம் குறைந்துகொண்டே வரும். இந்த அதிர்வைக் கம்ப்யூட்டருக்குள் வைக்க வேண்டுமென்றால் அதை எண்களாக மாற்ற வேண்டும். எப்படி?

மார்கழியில் வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறோமே, அது மாதிரிதான். முதலில் புள்ளி, அப்புறம் புள்ளிகளைச் சேர்த்து வளைவு. புள்ளிகள் தூரம் தூரமாக இருந்தால் பெரிய வளைவு மட்டும்தான் வரும். சின்னச் சின்ன வளைவு வேண்டுமென்றால் புள்ளி நெருக்கமாக வைக்க வேண்டும். ஒலியிலும் நொடிக்கு இத்தனை தடவை என்று அலையின் உயரத்தை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறார்கள். ஒரு அலை மேலே போய் கீழே வருவதைப் பிடிக்க இரண்டு புள்ளிக்கு மேல் வேண்டும். அப்படியானால் 20,000 ஹெர்ட்ஸுக்கு 40,000 புள்ளிக்கு மேல். ஆடியோ சிடியில் வைத்திருப்பது நொடிக்கு 44,100 புள்ளிகள். பிலிப்ஸ், சோனி என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது.

ஏன் 44,000 என்று முழுசாக வைக்கவில்லை? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. அந்தக் காலத்தில் எண்ணாக மாற்றிய ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்து வைத்தார்களாம். டிவி படத்தின் ஒரு கோட்டுக்கு 3 புள்ளி, ஒரு தடவைக்கு 245 கோடு, நொடிக்கு 60 தடவை. பெருக்கிப் பாருங்கள்: 3 × 245 × 60 = 44,100. நம்ம ஊர் மாதிரி நொடிக்கு 50 தடவை ஓடும் டிவிக்கு 294 கோடு. 3 × 294 × 50 போட்டாலும் அதே 44,100. இன்னொன்றையும் நானே கண்டுபிடித்தேன். 44,100 என்பது 210-இன் வர்க்கம். கணக்கு சாரிடம் சொன்னதற்கு "வெரி குட்" கிடைத்தது.

ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் அளக்க ஸ்கேல் வேண்டும் அல்லவா? சிடியின் ஸ்கேலில் 65,536 கோடுகள். இதைத்தான் 16 பிட் என்கிறார்கள். 16 பிட் என்றால் 2 பைட். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று.

இப்போது கணக்கு போடுவோம். 44,100 × 2 பைட் × 2 காது = 1,76,400 பைட், ஒரே நொடிக்கு! 5 நிமிடப் பாட்டுக்கு (300 நொடி) 5 கோடியே 29 லட்சத்து 20 ஆயிரம் பைட். அதாவது சுமார் 53 எம்.பி. 700 எம்.பி. சிடியில் இப்படிப் பாட்டு வைத்தால் ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பதினைந்து, பதினாறு பாட்டு. அப்பாவின் சிடியில் 150 பாட்டு எப்படி உட்கார்ந்தது?

அங்கேதான் எம்.பி.3 வருகிறது.

128 என்பது 128 கேபிபிஎஸ். நொடிக்கு 1,28,000 பிட். பிட்டை பைட் ஆக்க எட்டால் வகுக்க வேண்டும் (இதில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள்): 16,000 பைட். 5 நிமிடத்துக்கு 48 லட்சம் பைட், 4.8 எம்.பி. 700-ஐ 4.8-ஆல் வகுத்தால் 145. பிளாட்பாரக் கடைக்காரர் "150 பாடல்கள்" என்று எழுதியது கிட்டத்தட்ட நியாயம்தான்! சிடியில் உள்ள அசலோடு பார்த்தால் பதினொன்றில் ஒரு பங்கு. மீதிப் பத்துப் பங்கு எங்கே போச்சு?

சில பேர் சுருக்குவது என்றாலே கெடுப்பது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுருக்குவதில் இரண்டு விதம் இருக்கிறது. பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பது ஒரு விதம். இடம் குறையும், விரித்தால் அதே புடவை, ஒரு நூல் குறையாது. ஃபிளாக் என்பது இந்த ரகம். ஜோஷ் கோல்சன் என்பவர் எழுதி 2001-இல் முழு வடிவம் வந்தது. இலவசம். அதன் வேலை எப்படி என்றால், 5001, 5003, 5004, 5006 என்று வரும் எண்களை முழுசாக எழுதாமல் "5001, அப்புறம் 2 கூட, 1 கூட, 2 கூட" என்று எழுதுகிற மாதிரி. அடுத்த எண் என்ன வரும் என்று ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். திரும்ப அசல் எண்கள் அப்படியே கிடைக்கும். ஆனால் இப்படிச் செய்து சுமார் பாதியாகத்தான் சுருக்க முடியும், பாட்டைப் பொறுத்து.

இரண்டாவது விதம், நம்ம ஊர் ரோஜாத் தோட்டத்தில் செய்வது. எங்கள் பெரியம்மா பாகலூர் பக்கம் பூ கட்டு போடப் போவார்கள். ரோஜாவைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன்னால் அடி இலை, முள் எல்லாம் கழித்துவிடுவார்கள். வாங்குகிறவர் பூவைத்தான் பார்ப்பார், இலை குறைந்ததைத் தேட மாட்டார். பெட்டியில் நிறைய பூ கொள்ளும். ஆனால் கழித்த இலையைத் திரும்ப ஒட்ட முடியாது. எம்.பி.3 இந்த ரகம்.

சரி, பாட்டில் எது இலை, எது பூ?

எங்கள் தெருவில் கல்யாண ஊர்வலம் போகும்போது தவில் சத்தத்தில், பக்கத்தில் நடக்கும் பெண்ணின் கொலுசுச் சத்தம் கேட்குமா? கொலுசு ஒலிக்கிறது, ஆனால் காதுக்குத் தெரியாது. பெரிய சத்தம் தன் பக்கத்தில் உள்ள சின்னச் சத்தத்தை மறைத்துவிடும். சுருதியில் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு நன்றாக மறைக்கும். பெரிய அடி விழுந்த உடனே ஒரு கணம் மற்ற சின்னச் சத்தங்களும் தெரியாது. எம்.பி.3 செய்யும் நிரல் பாட்டை 1,152 புள்ளிகள் கொண்ட துண்டுகளாக எடுக்கிறது. ஒரு துண்டு என்பது நொடியில் நாற்பதில் ஒரு பங்கு மாதிரி. ஒவ்வொரு துண்டிலும் "இதில் மனுசக் காதுக்கு எது கேட்காது?" என்று கணக்குப் போட்டு, அதற்குப் பிட் செலவு பண்ணாமல் விட்டுவிடுகிறது. 128 கேபிபிஎஸ் வைக்கும்போது பொதுவாகப் பதினாறு, பதினேழாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மொத்தமாக வெட்டிவிடுவார்கள்.

இதைச் செய்தது ஜெர்மனியில் எர்லாங்கன் ஊரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையம். கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்பவர் அதில் முக்கியமானவர். எம்.பி.3 என்ற பெயரை 1995 ஜூலையில்தான் முடிவு செய்தார்கள். காப்புரிமைக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 2017-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. பிராண்டன்பர்க் தன் முறையைச் சோதித்துப் பார்க்க அமெரிக்கப் பாடகி சுசான் வேகா பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டை எடுத்தார். அதில் வாத்தியமே கிடையாது, வெறும் குரல். மேளதாளம் எல்லாம் இருக்கிற பாட்டுதான் கஷ்டம் என்று நான் நினைத்திருந்தேன். நேர்மாறு! வெறும் குரல் என்றால் தப்பை மறைக்க எதுவுமே இல்லை. முதலில் சுருக்கியபோது அந்தப் பெண் குரல் கன்றாவியாக வந்ததாம். அது சரியாகும் வரை திரும்பத் திரும்ப அதே பாட்டைக் கேட்டுக் கேட்டுத் திருத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு கஷ்டம் திடீர் அடி. கஞ்சிரா, கைத்தட்டல், நம்ம கூத்தில் வரும் தாளம் மாதிரி. அமைதியாக இருந்து "டப்" என்று விழும்போது, துண்டு துண்டாக எடுப்பதால் அந்த அடியின் கசிவு, அடி விழுவதற்கு ஒரு கணம் முன்னாடியே "ஸ்ஸ்" என்று கேட்டுவிடும். கூர்மை போய்விடும். குறைந்த கேபிபிஎஸ் பாட்டில் கைத்தட்டலைக் கேட்டுப் பாருங்கள், எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இருக்கும்.

இப்போது சோதனைக்கு வருகிறேன். (மூன்றாவது தாள், வலது பக்கம்.)

மாமா சொன்னதும் அப்பா சொன்னதும் எது சரி என்று டீச்சரிடம் கேட்டேன். "கேட்டுப் பாரு, ஆனா கண்ணை மூடிக்கிட்டு கேளு" என்றார்கள். அதாவது எது எந்த ரகம் என்று தெரியாமல் கேட்க வேண்டும். 320 என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டால் மனசே "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடும். இன்னொரு ஏமாற்று, சத்தம். இரண்டு பாட்டில் ஒன்று கொஞ்சம் சத்தமாக இருந்தால் அதுதான் தரம் என்று தோன்றும். அதனால் சத்தத்தை ஒரே அளவில் வைக்க வேண்டும்.

டீச்சரிடம் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' ஆடியோ சிடி இருந்தது. 1986-இல் வெளிவந்தது, சினிமாப் பாட்டு இல்லை, நிறைய வயலின். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 320, 128, 64 என்று மூன்று எம்.பி.3 செய்தோம். நானும் என் தோழியும் ஹெட்போனில் கேட்டோம். டீச்சர் மாற்றி மாற்றிப் போட, நாங்கள் "அசல், நகல்" என்று பேப்பரில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து தடவை. கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டினாலே பத்துக்கு ஐந்து சரியாக வரும். அதனால் ஐந்து, ஆறு வாங்கினால் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

64-ஐ இரண்டு பேருமே பத்துக்குப் பத்து கண்டுபிடித்தோம். வயலின் எல்லாம் தண்ணிக்குள் இருந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. 128-இல் எனக்கு எட்டு, தோழிக்கு ஆறு. மேலே வயலின் நிற்கும் இடத்தில் கொஞ்சம் மங்கல், அதைப் பிடித்துக்கொண்டேன். 320-இல் எனக்கு ஐந்து. தோழிக்கு நான்கு! டீச்சரும் உட்கார்ந்தார்கள், எத்தனை என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக 320 எம்.பி.3-க்கும் அசலுக்கும் வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை. அப்படியானால் ஃபிளாக் எதற்கு? கேட்பதற்கு இல்லை, பத்திரமாக வைப்பதற்கு. யாராவது பாட்டியின் தாலாட்டோ, ஊர்க் கூத்தோ பதிவு செய்தால் ஃபிளாக்கிலோ வேவிலோ வையுங்கள். எம்.பி.3-யை எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து செய்துகொள்ளலாம். எம்.பி.3-யிலிருந்து அசலுக்குப் போக வழியே இல்லை. எம்.பி.3-யைத் திரும்ப எம்.பி.3 ஆக்கினால், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகும்.

இதனால்தான் மாமா மாட்டிக்கொண்டார். மாமா "320" என்று அனுப்பிய பாட்டை ஆடாசிட்டியில் திறந்து, எந்தெந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று வண்ணப் படமாகப் பார்த்தோம். சிடி பாட்டில் வண்ணம் மேலே இருபதாயிரம் வரை பரவியிருந்தது. மாமா பாட்டில் பதினாறாயிரத்தில் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி நேர் கோடு! அதாவது யாரோ 128-ஐ எடுத்து 320 ஆக மாற்றியிருக்கிறார்கள். அரைக்குடம் தண்ணீரைப் பெரிய அண்டாவில் ஊற்றி "ஒரு அண்டா தண்ணி" என்று விற்றிருக்கிறார்கள். மாமா கொடுத்த ஒரு ஃபிளாக்கும் அதே மாதிரி. போனில் சொன்னேன், மாமா "நெட்வொர்க் சரியில்ல" என்று வைத்துவிட்டார். (இறக்குவது என்றால் காசு கொடுத்து முறையாக இறக்க வேண்டும் என்று எழுதச் சொல்லி டீச்சர் பக்கத்திலேயே நிற்கிறார்கள். எழுதிவிட்டேன்.)

மற்ற ரகங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஏஏசி என்பது எம்.பி.3-க்கு அப்புறம் 1997-இல் வந்தது, அதே 128-இல் எம்.பி.3-யை விட நன்றாக இருக்கும். ஓபஸ் 2012-இல் வந்தது, இலவசம். யூடியூபில் பாட்டு ஏஏசி, ஓபஸ் இரண்டிலும் வருகிறது. வாட்ஸ்அப்பில் நீங்கள் பேசி அனுப்புவது ஓபஸ்தான். எஃப்.எம். ரேடியோ 15,000 ஹெர்ட்ஸ் வரை தரும். ஓசூரில் நமக்குத் தர்மபுரி வானொலியும் கேட்கும், பெங்களூர் கன்னட எஃப்.எம்-உம் கேட்கும். இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம். 2001 ஜூலையில் பெங்களூரில்தான் தொடங்கியது, ரேடியோ சிட்டி. புளூடூத் ஸ்பீக்கரில் போடும்போது அதுவும் ஒரு தடவை சுருக்கித்தான் அனுப்பும். கோயில் திருவிழாவில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் அடிச் சத்தத்தையும் மேல் சத்தத்தையும் தராது, அதில் போய் ஃபிளாக் போடுவது வீண். டவுன் பஸ்ஸிலும் அப்படித்தான். இன்ஜின் சத்தமே எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இப்போது அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் லேப்டாப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவுக்கும் ஹெட்போன் மாட்டினோம். 320 வேண்டாம் என்று நேராக 64-ஐப் போட்டேன். எங்களுக்குத் தண்ணிக்குள் வாசிக்கிற மாதிரி கேட்டதே, அது. அசலையும் போட்டேன். அப்பா ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா" என்றார்கள். திரும்பப் போட்டேன். "ஒண்ணுதான்." பேப்பரில் பத்துக்கு ஐந்து. அப்பா விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. ஆடாசிட்டியில் ஒரே சுருதி ஒலி உண்டாக்கலாம். 1,000 ஹெர்ட்ஸ் போட்டார்கள், அப்பா கை தூக்கினார்கள். 2,000, கை தூக்கினார்கள். 4,000 போட்டபோது சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சத்தத்தைக் கூட்டின பிறகுதான் "இப்ப லேசா" என்றார்கள். 6,000, எதுவும் இல்லை. 8,000, எதுவும் இல்லை. அப்பா ஹெட்போனைக் கழற்றி, "வொயர் ரிப்பேர் போல" என்றார்கள். நான் வாங்கி மாட்டினேன். "கீ" என்று காதைக் குத்தியது.

அம்மா வாசற்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். "அதான் நான் கூப்பிட்டா திரும்பறதே இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அப்புறம் யாரும் பேசவில்லை.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன மழைக்காலத்தில் கரண்ட் போன ஒரு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா சொன்னார்கள், "நான் சின்னப் பையனா இருக்கும்போது இந்நேரம் சில்வண்டு காதைக் கிழிக்கும். இப்ப ஒண்ணுகூட இல்ல, எல்லாம் மருந்தடிச்சுச் செத்துப்போச்சு." அப்போது சில்வண்டு கத்திக்கொண்டுதான் இருந்தது. அப்பா ஏதோ பழைய காலத்தைச் சொல்கிறார்கள் என்று நான் விட்டுவிட்டேன். சில்வண்டின் சத்தம் நாலாயிரம், ஐந்தாயிரம் ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் இருக்கும்.

அப்பா பதினேழு வருசமாக பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை அடித்து வடிவம் ஆக்கும் இடம். எந்தக் கம்பெனி என்று எழுதக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்கள். காதுக்குள் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது, காக்லியா. அதில் மயிர் போன்ற செல்கள் சுமார் பதினைந்தாயிரம். மேல் சத்தங்களுக்கான செல்கள் வாசல் பக்கம் இருக்கின்றன, அடிச் சத்தங்களுக்கானவை உள்ளே. பெரிய சத்தத்தில் வருசக்கணக்கில் நின்றால் 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் உள்ளவை முதலில் சாகும். மனிதனுக்கு அவை திரும்ப முளைக்காது. வலிக்காது, அதனால் தெரியாது. பேச்சில் ச, ஸ, த மாதிரி எழுத்துகளின் கூர்மை மேல் சத்தத்தில்தான் இருக்கிறது. அதனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது புரியாது. "என்ன?" என்று அப்பா இரண்டு தடவை கேட்பது ஏன் என்று இப்போது தெரிகிறது.

எம்.பி.3-யும் மேல் சத்தத்தைக் கழிக்கிறது. ஆனால் அங்கே அசல் சிடி டீச்சர் வீட்டு பீரோவில் இருக்கிறது.

"லேப்டாப்பும் ஹெட்போனும் வைத்துச் செய்வது டாக்டர் சோதனை ஆகாது" என்று டீச்சர் சொன்னதால் அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சத்தம் புகாத சின்ன ரூமில் உட்கார வைத்துப் பார்த்தார்களாம். ஒரு வரைபடம் கொடுத்தார்கள். நேராகப் போகும் கோடு 4,000 பக்கம் வந்ததும் குழியில் விழுகிற மாதிரி இறங்குகிறது. இடது காதில் இன்னும் ஆழம். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னார்.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிப்படி 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரைதான். சத்தத்தால் வரும் கேட்புக் குறைவு, 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. தெரிந்தால் தெரிவிக்க வேண்டிய நோய். காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான் அப்பாவுக்கும் கொடுத்திருந்தார்களாம். "அதை வச்சா மிஷின் மாறி அடிக்கிற சத்தம் தெரியாது பாப்பா, கை போயிடும்" என்று ரொம்ப பேர் மேஜையில் போட்டுவிடுவார்களாம். வைத்தவர்களும் சரியாக வைப்பதில்லை. விரலால் உருட்டி மெலிசாக்கி, இன்னொரு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது உப்பும் வரை விரலை எடுக்கக் கூடாது. அப்பா இப்போது தினமும் கண்ணாடி முன்னால் பழகிவிட்டுப் போகிறார்கள்.

அந்த வரைபடத்தை அப்பா இன்னும் ஆபீஸில் காட்டவில்லை. காண்ட்ராக்ட் ஆள். "காட்டினா, காது கேக்காதவனுக்கு மிஷின் எதுக்குன்னு நிறுத்திட்டா?" என்கிறார்கள். "காட்டாம இருந்தா மீதியும் போகும்" என்று அம்மா. யார் சொல்வது சரி என்று கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற சோதனை எதுவும் டீச்சரிடம் இல்லை.

நமக்கும் ஒன்று. குழந்தைகள் ஹெட்போனில் கேட்பது 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கே உங்கள் பாட்டு கேட்கிறதென்றால் குறைத்து வையுங்கள். பத்தாம் வகுப்பு அண்ணன்கள் பஸ்ஸில் வைக்கும் அளவு எனக்குத் தெரியும்.

பென் டிரைவ் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். மஞ்சள் பையில் இருந்த 128 பாட்டுகளை மாற்றாமல் அப்படியே ஏற்றினேன். 320 ஆக்கினால் இடம்தான் வீண், ஒன்றும் கூடாது. பதினெட்டு சிடியில் மூன்று படிக்கவில்லை. மாமா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பாட்டு கேட்டுவிட்டுப் போனார்.

நம் பள்ளியில் நிறைய பேருடைய அப்பா அம்மா சிப்காட் ஷிப்ட் போகிறவர்கள். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு அவர்களை அறிவியல் அறைக்குக் கூட்டி வாருங்கள். டீச்சர் சம்மதித்துவிட்டார்கள். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் மதியம் 2 மணிக்கு வரலாம், உடனே வந்தால் காது களைத்திருக்கும், கணக்கு தப்பாகும். ஹெட்போன் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் பெயர் எழுதி வைக்கவும். நோட்டு இந்தப் பலகைக்குக் கீழே மேஜையில் இருக்கிறது. பேனாவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது என்னுடையது.

– 9-ஆம் வகுப்பு மாணவி